ஏற்காட்டு மலைப்பாதையோடு 3டி கேம் புரோகிராமிங்: புத்தகம் வைத்துக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

கேம் புரோகிராமிங் புத்தகத்தில் இருக்கும் புரோகிராம் கோடைப் (code) பார்த்து அப்படியே டைப் செய்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஒரு பச்சைத் தரை, அதன் மேல் நாலு பெட்டி, நடுவே ஓடும் ஒரு பொம்மை. ஓடியதும் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவோம். புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்தமாக ஏதாவது எழுத உட்கார்ந்தால்தான் கை நகராது. பெட்டி உலகத்தில் தப்பு நடந்தாலும் கண்ணில் படாமல் போவது இதற்குப் பெரிய காரணம். 90 டிகிரி திரும்ப வேண்டிய பெட்டி 117 டிகிரி திரும்பி நின்றால் யார் கண்டுபிடிப்பார்கள்?

தெரிந்த ஊரை வைத்து எழுதினால் உடனே பிடிபடும். சேலத்தில் மொட்டை மாடி ஏறினால் வடக்கே சேர்வராயன் மலை நிற்கிறது. உங்கள் கேமில் அது தெற்கே நின்றாலோ, மலைக்குப் பதில் ஊசி ஊசியாக ஏதோ முளைத்தாலோ, கோடில் தப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆகவே புத்தகத்தின் விளையாட்டை ஒரு ஃபோல்டரில் எழுதுங்கள். பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டரில், ஒவ்வொரு அத்தியாயத்திலும் கற்றதை வைத்து, சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையை எழுதிக்கொண்டே வாருங்கள். சுமார் 278 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து 1515 மீட்டருக்கு ஏறும் சாலை, அதில் 20 கொண்டை ஊசி வளைவு. 3டி கேமில் ஒரு புதியவர் மோத வேண்டிய சிக்கல் எல்லாமே அந்தப் பாதையில் இருக்கிறது.

புத்தகத்தைப் பொறுக்குவது

அட்டையை விட்டுவிட்டு முன்னுரையில் எந்த இன்ஜின் (கேமை வரையவும் ஓட்டவும் உதவும் மென்பொருள்), எந்த வெர்ஷன் என்று பாருங்கள். இந்தத் துறையில் நாலு வருடப் பழைய புத்தகம்கூட ஓடாத கோடாக மாறியிருக்கும். கோடோ (Godot) இன்ஜினின் நாலாவது வெர்ஷன் 2023 மார்ச்சில் வந்தது. மூன்றாவது வெர்ஷனில் கைனமேட்டிக்பாடி என்று இருந்தது இதில் கேரக்டர்பாடி3டி ஆனது, ஸ்பேஷியல் என்பது நோட்3டி ஆனது, மூவ் அண்ட் ஸ்லைட் ஃபங்க்ஷனுக்கு அடைப்புக்குள் எதுவும் கொடுக்க வேண்டாம் என்றானது. மூன்றாவது வெர்ஷனுக்கு எழுதிய புத்தகத்தை நாலில் டைப் செய்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடுதான். யூனிட்டி என்ற இன்னொரு இன்ஜினிலும் இதே கதை: பழைய புத்தகத்தின் மெட்டீரியலை யூஆர்பி என்ற புதிய வரையும் முறையில் தொடங்கிய புராஜெக்டில் போட்டால் எல்லாம் ரோஸ் நிறத்தில் வரும். கோடு தப்பில்லை, நிறத்தைக் கணக்கிடும் ஷேடர் அந்த ரெண்டரருக்கானது (படத்தை வரையும் பகுதிக்கானது) இல்லை.

பழைய புத்தகக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று தடிமனான புத்தகத்தைத் தூக்கிவருவதற்கு முன் மூன்று அடையாளம் பாருங்கள். ஓபன்ஜிஎல் (கிராபிக்ஸ் கார்டை நேராக வரையச் சொல்லும் லைப்ரரி) புத்தகமாக இருந்து, முக்கோணம் வரையும் இடத்தில் ஜிஎல் பிகின், ஜிஎல் எண்ட் என்று இருந்தால் அது பழைய முறை. 2009-ல் வந்த 3.1 வெர்ஷன் அந்த முறையை மையத்திலிருந்து எடுத்துவிட்டது. விண்டோஸில் அதே வேலை செய்யும் டைரக்ட்எக்ஸ் பற்றிய புத்தகம், கைவிடப்பட்ட டி3டிஎக்ஸ் துணை லைப்ரரியைச் சார்ந்திருந்தால் முதல் நாளே இன்ஸ்டலேஷனில் மாட்டுவீர்கள். எக்ஸ்என்ஏ (மைக்ரோசாஃப்டின் பழைய கேம் கருவித்தொகுப்பு) புத்தகமாக இருந்தால், அதன் கடைசி வெர்ஷன் 2010-ல் வந்தது. அதன் வழியில் வந்த மோனோகேம் வைத்து ஓட்டலாம், ஆனால் புதியவருக்கு அந்த வேலை வேண்டாம். கணக்குப் பகுதி மட்டும் எந்தப் பழைய புத்தகத்திலும் கெடாது. வெக்டருக்கு வெர்ஷன் கிடையாது.

முதல் புத்தகமாக இன்ஜின் புத்தகத்தையே எடுங்கள் என்பது எங்கள் கருத்து. சி++ வைத்து ஓபன்ஜிஎல்லை அடியிலிருந்து கற்பது நல்ல வழிதான், ஆனால் விண்டோ திறந்து ஒரு முக்கோணம் வரவே சில நாள் போய்விடும். அதை இரண்டாவது புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். இங்கே உதாரணங்களுக்குக் கோடோ 4-ஐ எடுத்துக்கொள்கிறோம். இலவசம், டவுன்லோடு 100 எம்பிக்கும் குறைவு, கல்லூரி லேபில் இருக்கும் சுமாரான மெஷினிலும் ஓடும்.

மெஷினும் வெர்ஷனும்

புத்தகம் 4.2 என்று சொன்னால் 4.2-ஐயே போடுங்கள். புதிது வந்துவிட்டதே என்று தாவ வேண்டாம். பழைய வெர்ஷன்கள் எல்லாம் இன்ஜினின் தளத்தில் அப்படியே இருக்கின்றன. புத்தகம் முடிந்தபின் ஏற்றிக்கொள்ளலாம்.

8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் போதும். புராஜெக்ட் தொடங்கும்போது மூன்று ரெண்டரர் காட்டும். ஃபார்வர்டு பிளஸ்சுக்கு வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் லைப்ரரி ஓடும் மெஷின் வேண்டும். பழைய இன்டெல் கிராபிக்ஸில் திரை கறுப்பாக நின்றால் அல்லது எடிட்டரே மூடிக்கொண்டால் காம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்தெடுங்கள். அது ஓபன்ஜிஎல் 3.3-ல் ஓடும். சித்திரை வெயிலில் சேலத்து மாடி அறையில் உட்கார்ந்து ஃபிரேம் ரேட் அளக்காதீர்கள். லேப்டாப் சூடானதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் கோடைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முதல் நாளே கிட் (கோடின் ஒவ்வொரு நிலையையும் சேமித்துவைக்கும் கருவி) போட்டு, அத்தியாயத்துக்கு ஒரு கமிட் (சேமித்த நிலை) வையுங்கள். கரண்ட் போனாலும் சரி, நேற்று ஓடியது இன்று ஓடாவிட்டாலும் சரி, திரும்பிப் போக இடம் இருக்கும்.

படிக்கும் முறை பற்றி இரண்டே விஷயம். கோடை காப்பி பேஸ்ட் செய்யாமல் கையால் அடியுங்கள். ஓட்டுவதற்கு முன், திரையில் என்ன வரும் என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்கள். எழுதியதும் வந்ததும் ஒத்துப்போகாத இடம்தான் அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம். மற்றதை வேகமாகத் தாண்டலாம்.

எந்தக் கணக்கு, எவ்வளவு

வெக்டர் கூட்டல், புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல், அணிப் பெருக்கல். தொடங்க இவ்வளவுதான். ஆங்கிலப் புத்தகத்தின் கணக்கு அத்தியாயம் தலைக்கு மேல் போனால், நம் பதினோராம் வகுப்புக் கணிதப் பாடநூலின் அணிகள், வெக்டர் இயற்கணிதம் இரண்டையும், பன்னிரண்டாம் வகுப்பின் வெக்டர் பயன்பாடுகள் பாடத்தையும் தமிழில் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே நாலுக்கு நாலு அணியைக் கேமில் பயன்படுத்தும் விதத்தில் சொல்லித்தர மாட்டார்கள். அதைப் புத்தகத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் எல்லோரும் விழுவார்கள். ஒன்று, ரேடியன். கோடில் ரொட்டேஷன் ரேடியனில் போகும். 90 என்று கொடுத்தால் 90 ரேடியன், அதாவது 14 முழுச் சுற்று சுற்றிவிட்டு சுமார் 117 டிகிரியில் நிற்கும். எரர் எதுவும் வராது. மேலே சொன்ன 117 டிகிரிப் பெட்டி அங்கிருந்து வந்ததுதான். இன்னொன்று, அணிகளின் வரிசை. வண்டியை முதலில் திருப்பிவிட்டு அப்புறம் இடம் மாற்றினால் வளைவில் நின்ற இடத்திலேயே திரும்பும். முதலில் இடம் மாற்றிவிட்டுத் திருப்பினால் வரைபடத்தின் மையத்தைச் சுற்றி வண்டி வானத்தில் பறக்கும். பறப்பதைப் பார்த்தால் வேறெங்கும் தேடாதீர்கள், பெருக்கிய வரிசையை மாற்றுங்கள்.

மலையைத் திரைக்குக் கொண்டுவருவது

புத்தகத்தில் மெஷ் (முக்கோணங்களால் ஆன வடிவம்) அல்லது டெரெய்ன் (நிலப்பரப்பு) பற்றிய அத்தியாயம் வந்ததும் இதைத் தொடங்கலாம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடார் வைத்துப் பூமியின் உயரத்தை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்ற அந்தத் தரவை நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி எடுக்கலாம். ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரிச் சதுரம் ஒரு ஃபைல். நமக்கு வேண்டியது வடக்கு 11, கிழக்கு 78 என்று பெயரிட்ட சதுரம், எச்ஜிடி ஃபைல், ஒரு நொடிக் கட்டம் (இங்கே நொடி என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு).

அதற்குள் தலைப்பு எதுவும் கிடையாது. 3601 வரிசை, வரிசைக்கு 3601 எண், எண்ணுக்கு இரண்டு பைட். ஃபைல் அளவு சரியாக 2,59,34,402 பைட் இருக்க வேண்டும். இல்லையென்றால் டவுன்லோடு பாதியில் நின்றிருக்கிறது, அல்லது மூன்று நொடிக் கட்டத்தின் ஃபைலை எடுத்திருக்கிறீர்கள்.

1. முதல் வரிசை வடக்கு எல்லை, அதாவது 12-வது அட்சரேகை. ஃபைலின் பெயரில் இருப்பதோ தென்மேற்கு மூலை. வரிசை எண் வேண்டுமானால் 12-லிருந்து அட்சரேகையைக் கழித்து 3600-ஆல் பெருக்குங்கள். பத்தி எண் வேண்டுமானால் தீர்க்கரேகையிலிருந்து 78-ஐக் கழித்து 3600-ஆல் பெருக்குங்கள். ஏற்காடு ஏரி ஏறக்குறைய வரிசை 780, பத்தி 756-ல் வரும்.

2. முழுச் சதுரமும் வேண்டாம். வரிசை 720 முதல் 1232 வரை, பத்தி 420 முதல் 932 வரை வெட்டிக்கொள்ளுங்கள். 513-க்கு 513 புள்ளி. மேலே ஏற்காடு, கீழே இடது பக்கம் சேலத்தின் ஐந்து ரோடும் புதிய பஸ் ஸ்டாண்டும் உள்ளே வந்துவிடும்.

3. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்துக்கும் குதிக்க, வரிசை எண்ணை 3601-ஆல் பெருக்கி, பத்தியைக் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். வெட்டின் முதல் புள்ளி 51,86,280-வது பைட்டில் இருக்கும்.

4. ஃபைலைத் திறந்த பிறகு பிக் எண்டியன் (பெரிய பைட் முன்னால்) என்ற பண்பை ட்ரூ ஆக்குங்கள். திறப்பதற்கு முன்னால் ஆக்கினால் பயனில்லை. திறக்கும்போது கோடோ அதை மறுபடி பழையபடி ஆக்கிவிடும்.

5. இரண்டு பைட்டைப் படிக்கும் கெட் 16 ஃபங்க்ஷன் தருவது குறியில்லா எண். 32767-க்கு மேல் வந்தால் 65536-ஐக் கழியுங்கள். −32768 என்பது அளவு கிடைக்காத இடம். பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைப் போடுங்கள், இல்லாவிட்டால் பாதாளக் கிணறு ஒன்று தோன்றும்.

நாலாவது படியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை வேண்டுமென்றே பார்த்துவிடுங்கள். இந்த ஃபைலில் பெரிய பைட் முன்னால் வரும். நம் கம்ப்யூட்டர்கள் சின்ன பைட்டை முன்னால் எதிர்பார்க்கும். ஏற்காட்டின் 1515 என்பது 5 தடவை 256, கூட்டல் 235. பைட் இரண்டும் இடம் மாறினால் குறி சேர்த்துப் படிக்கும்போது −5371 ஆகிறது. சேலத்தின் 278-ல் பைட்கள் 1, 22, மாறினால் 5633. மலை கடலுக்கடியில், ஊர் இமயத்தில்! பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் தாவுவதால் திரை முழுக்க முள்ளம்பன்றி முதுகு மாதிரி இருக்கும். அந்தத் தோற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்த பைனரி ஃபைலிலும் எண்டியன் தப்பு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

முதல் படியில் வரிசையைத் தெற்கிலிருந்து எண்ணினால் வேறு வேடிக்கை. வெட்டிய துண்டு 11.2 முதல் 11.34 அட்சரேகைக்குப் போய்விடும். சேலத்துக்குப் பதில் நாமக்கல் பக்கத்து நிலம் வந்து நிற்கும். மெஷ் அழகாக இருக்கும், குறையே தெரியாது, ஏற்காடு மட்டும் இருக்காது. வேறு ஊர்க்காரர் எழுதினால் இந்தத் தப்பைக் கடைசி வரை கண்டுபிடிக்க மாட்டார்.

இனி புள்ளிகளை மீட்டராக்க வேண்டும். வடக்கு தெற்காக ஒரு கட்டம் சுமார் 30.7 மீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் நம் அட்சரேகையில் கிழக்கு மேற்காக 30.3 மீட்டர். வெட்டின் நடுப்புள்ளியைச் சுழி ஆக்குங்கள். சிலர் சர்வே வரைபடத்தின் யூடிஎம் (இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) எண்களை அப்படியே போடுவார்கள். நம் பகுதியில் வடக்கு எண் 12 லட்சத்து 90 ஆயிரம் மீட்டர் அளவில் வரும். அந்தப் பெரிய எண்ணில் 32 பிட் ஃப்ளோட் (தசம எண்) 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த நகர்வைக் காட்டாது. வண்டியும் கேமராவும் நடுங்கும். சுழி நடுவில் இருந்தால் வெட்டின் ஓரத்தில்கூட நகர்வு ஒரு மில்லிமீட்டருக்குள் துல்லியமாக இருக்கும்.

513-க்கு 513 என்றால் 2,63,169 முனை, 5,24,288 முக்கோணம். கையால் ஓபன்ஜிஎல் எழுதுபவர் கவனிக்க: 16 பிட் இண்டெக்ஸ் (முனையின் வரிசை எண்) 65,535-க்கு மேல் எண்ணாது. மீறினால் மலையின் கீழ்ப்பகுதி மேற்பகுதியோடு முக்கோணங்களால் தைக்கப்பட்டுக் கசங்கிய துணிபோல வரும். கோடோ தானே 32 பிட்டுக்கு மாறிக்கொள்ளும். இருந்தாலும் ஒரே மெஷ்ஷாக விடாதீர்கள். 64 கட்டத்துக்கு ஒன்றாக வெட்டினால் எட்டுக்கு எட்டு, 64 துண்டு கிடைக்கும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் துண்டுகளை இன்ஜின் வரையாமல் விட்டுவிடும். துண்டுக்கு 64 புள்ளி எடுக்காமல் 65 எடுக்க வேண்டும். ஓரத்து வரிசையை இரண்டு துண்டும் பகிர்ந்துகொண்டால்தான் நடுவில் வானம் தெரியும் விரிசல் வராது.

முக்கோணத்தின் முனைகளைக் கோடோவில் கடிகார திசையில் கொடுக்க வேண்டும். ஓபன்ஜிஎல்லின் வழக்கம் நேர் எதிர். வேறு புத்தகத்திலிருந்து லூப்பை எடுத்து வந்தால் மேலிருந்து பார்க்க மலையே இருக்காது, தரைக்கடியில் கேமராவைக் கொண்டுபோனால் தெரியும். இரண்டு இண்டெக்ஸை இடம் மாற்றினால் சரி.

வெளிச்சம் விழ நார்மல் (தரைக்குச் செங்குத்தான வெக்டர்) வேண்டும். ஒரு புள்ளிக்கு மேற்கே 900 மீட்டர், கிழக்கே 912, வடக்கே 905, தெற்கே 899 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து கிழக்கைக் கழித்தால் −12. நடு எண் கட்டத்தின் இரு மடங்கு, சுமார் 61. வடக்கிலிருந்து தெற்கைக் கழித்தால் 6. இந்த (−12, 61, 6) வெக்டரின் நீளம் 62.5, அதால் வகுத்தால் (−0.19, 0.98, 0.10). நடு எண்ணின் தலைகீழ்க் கோசைன் சரிவைத் தரும்: சுமார் 12 டிகிரி. நோட்டில் ஒருமுறை போட்டுவிட்டு, கோடு தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நார்மலை அந்தந்தத் துண்டுக்குள் மட்டும் கணக்கிடக் கூடாது. முழுக் கட்டத்திலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் மலைமேல் சதுரச் சதுரமாகக் கோடு விழும்.

மலை எதிர்பார்த்ததைவிடத் தட்டையாகத் தெரியும். பதறி உயரத்தை ஒன்றரை மடங்கு ஆக்காதீர்கள். 35 டிகிரிச் சரிவு அப்போது 46 டிகிரியாகிவிடும். கோடோவில் பாத்திரம் (கேமில் ஓடும் பொம்மை) ஏறும் எல்லை இயல்பாக 45 டிகிரி. ஏற முடிந்த மலை சுவராகிவிடும். தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் கேமரா.

கேமரா

கோடோவின் கேமரா 75 டிகிரிக் கோணத்தில் தொடங்கும். ஐந்து ரோட்டிலிருந்து ஏற்காட்டு ஏரி நேர்க்கோட்டில் 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தில் 1237 மீட்டர் உயர வித்தியாசம் என்பது ஐந்து டிகிரிகூட இல்லை. 1080 பிக்சல் உயரத் திரையில் 60 பிக்சல்தான். கோணத்தை 40 ஆக்கினால் அதுவே 127 பிக்சலுக்கு எழும். கண்ணுக்குப் பழகிய மலை அப்போதுதான் வரும்.

அதற்கும் முன்னால் மலையே தெரியாமல் போகலாம். கேமராவின் ஃபார் எல்லை (காட்டும் அதிகபட்ச தூரம்) இயல்பாக 4000 மீட்டர். அதற்கு அப்பால் வெட்டப்பட்டுவிடும். 20,000 ஆக்குங்கள். நியர் எல்லையையும் (காட்டும் குறைந்தபட்ச தூரம்) சேர்த்து மாற்ற வேண்டும். ஒவ்வொரு பிக்சலின் தூரத்தையும் வைத்திருக்கும் 24 பிட் டெப்த் பஃபரில், ஒரு தூரத்தில் பிரித்தறியக்கூடிய இடைவெளி, தூரத்தின் வர்க்கத்தை நியரால் வகுத்து, 2-ன் 24-ம் அடுக்கால் வகுத்தது. நியர் 0.05 என்றால் 1000 மீட்டரில் 1.2 மீட்டர், 10 கிலோமீட்டரில் 119 மீட்டர். சாலையும் தரையும் யார் மேலே என்று சண்டை போட்டு மினுமினுக்கும். நியரை 0.5 ஆக்கினால் பத்து மடங்கு தேறும். ஃபாரைக் குறைப்பதால் பெரிதாக எதுவும் ஆகாது, நியரை ஏற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கோடோ 4.3-லிருந்து டெப்த்தைத் தலைகீழாக வைத்து இதைக் கணிசமாகச் சமாளிக்கிறது. புத்தகம் அதற்கு முந்தைய வெர்ஷன் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வண்டி ஓடும் வேகம்

எல்லாப் புத்தகமும் டெல்டாவால் (போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரம், நொடியில்) பெருக்கு என்று சொல்லும். ஏன் என்பதை எண்ணில் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11.1 மீட்டர். 60 ஃபிரேம் ஓடும் மெஷினில் ஃபிரேமுக்கு 0.185 மீட்டர் என்று நேராக எழுதிவிட்டால் சரியாகத் தோன்றும். அதே கேம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மணிக்கு 96 கிலோமீட்டரில் பறக்கும், 30 ஃபிரேம் மட்டுமே வரும் பழைய லேப்டாப்பில் 20-ல் ஊரும்.

இதைப் புரிந்துகொண்டவர் அடுத்து நேர் எதிரான தப்பைச் செய்வார். வண்டியை நகர்த்தும் கேரக்டர்பாடி3டியின் வெலாசிட்டி (வேகம்) ஏற்கெனவே நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. மூவ் அண்ட் ஸ்லைட் உள்ளுக்குள் தானே டெல்டாவைப் பெருக்கிக்கொள்கிறது. நீங்களும் பெருக்கினால் வண்டி நொடிக்கு 18 சென்டிமீட்டர் நகரும். அப்போது பலர் வேகத்தை 600 என்று போட்டுச் சரிக்கட்டிவிடுவார்கள், அது பின்னால் வேறெங்கோ வெடிக்கும். வேகத்தைப் பெருக்க வேண்டாம். புவியீர்ப்பைப் பெருக்க வேண்டும், ஏனென்றால் 9.8 என்பது நொடிக்கு நொடி வேகத்தில் சேரும் அளவு.

தரையில் நிற்க ஒவ்வொரு துண்டுக்கும் ட்ரைமெஷ் கொலிஷன் (மெஷ்ஷின் முக்கோணங்களையே மோதும் தரையாக்குவது) உருவாக்குங்கள். ஏறும்போது எல்லாம் நன்றாக இருந்து, ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மட்டும் பாத்திரம் தத்தித் தத்திப் போனால் பாத்திரத்தைத் தரையோடு ஒட்டிவைக்கும் ஃப்ளோர் ஸ்னாப் நீளம் போதவில்லை. இயல்பு 0.1, 0.4 வரை ஏற்றிப் பாருங்கள்.

சாலையும் 20 வளைவும்

மலை வந்துவிட்டது, சாலை எங்கே என்று தேடுவீர்கள். தரவில் சாலை இல்லை. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்த கட்டத்தில் இரண்டு பஸ் ஒதுங்கிப்போகும் அகலமுள்ள சாலை காணாமல் போய்விடும். தவிர ரேடார் பல இடங்களில் மர உச்சியைத்தான் அளந்திருக்கிறது. சாலையை நாம்தான் வெட்ட வேண்டும். புத்தகத்தில் வளைகோடு பற்றிய அத்தியாயம் இதற்குத்தான்.

வளைகோட்டை வைத்திருக்கும் பாத்3டி நோடில் (நோட் என்பது கோடோ காட்சியின் ஒரு உறுப்பு) அடிவாரத்திலிருந்து புள்ளிகள் வைத்துக்கொண்டே போங்கள். நேர்ப்பகுதியில் ஐம்பது மீட்டருக்கு ஒன்று போதும். கொண்டை ஊசி வளைவில் குறைந்தது ஐந்து: நுழைவு, கால் வளைவு, உச்சி, முக்கால், வெளியேற்றம். மூன்று புள்ளியில் முடித்தால் பெசியர் கைப்பிடிகள் ஒன்றையொன்று தாண்டி, உச்சியில் சாலை முறுக்கிக்கொண்டு தன்மேலேயே ஏறும்.

அடுத்து, தரையைச் சாலைக்கேற்பச் சமன் செய்ய வேண்டும். 30 மீட்டர்க் கட்டத்திலேயே செய்தால் வளைவின் மேல்சாலையும் கீழ்சாலையும் ஒரே கட்டத்துக்குள் விழும்; இரண்டில் ஒன்று புதைந்துவிடும். சாலை போகும் துண்டுகளை மட்டும் 2 மீட்டர்க் கட்டமாக மறுபடி எடுத்து, சாலையின் நடுக்கோட்டிலிருந்து 4 மீட்டர் வரை சாலையின் உயரத்தை வைத்து, அடுத்த 6 மீட்டரில் படிப்படியாக மலையோடு சேருங்கள். நுண்ணிய துண்டும் பெரிய துண்டும் தொடும் ஓரத்தில், நுண்ணிய துண்டின் ஓரப்புள்ளிகளைப் பெரிய துண்டின் ஓரக்கோட்டின் மேலேயே உட்காரவையுங்கள். அங்கே மறுபடி விரிசல் எட்டிப்பார்க்கும்.

எத்தனையாவது வளைவு என்ற பலகையைக் காட்ட, புத்தகம் ஏரியா நோடையும் (யாராவது உள்ளே நுழைகிறார்களா என்று பார்க்கும் பகுதி) அது அனுப்பும் சிக்னலையும் சொல்லித்தரும். அதற்கு முன் புள்ளிப் பெருக்கலால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பலகையிலிருந்து வண்டிக்கு ஒரு வெக்டர். அந்த இடத்தில் சாலை போகும் திசை இன்னொரு வெக்டர். பெருக்கினால் கழித்தல் குறி வந்தால் வண்டி இன்னும் பலகையைத் தொடவில்லை, கூட்டல் என்றால் தாண்டிவிட்டது. ஆனால் மலைப்பாதையில் ஏழாவது வளைவுக்கு நேர் கீழே ஆறாவது இருக்கலாம். கீழே போகும் வண்டியும் மேலே உள்ள பலகையைத் தாண்டியதாகக் கணக்கில் வரும். தூரம் 10 மீட்டருக்குள் என்ற நிபந்தனையையும், போன வளைவின் எண்ணுக்கு அடுத்ததா என்ற நிபந்தனையையும் சேர்த்தால்தான் எண்ணிக்கை 20-ல் நிற்கும். சமதளப் பந்தயச் சாலை வைத்துச் சொல்லித்தரும் புத்தகத்தில் இந்தச் சிக்கல் வரவே வராது.

மரமும் பனியும்

900 மீட்டருக்கு மேல் சில்வர் ஓக்கும் காபிச் செடியும், கீழே புதர்க்காடு என்று விதி வைத்துக்கொண்டால் பார்வைக்குப் போதும். இருபதாயிரம் மரத்தை இருபதாயிரம் நோடாக வைத்தால் எடிட்டரே திணறும். ஒரே மெஷ்ஷைப் பல இடத்தில் ஒரேயடியாக வரையும் மல்டிமெஷ் ஒன்றில் போடுங்கள். ரேண்டம் எண்ணுக்கு நிலையான சீட் (தொடக்க எண்) கொடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு தடவையும் தோட்டம் இடம் மாறும். மரத்தின் உயரத்தை நாலு புள்ளிகளின் சராசரிக் கணக்கில் எடுத்தால் சரிவில் சில மரம் அந்தரத்தில் நிற்கும், ஏனென்றால் வரையப்படும் தரை முக்கோணத்தால் ஆனது. எந்த முக்கோணத்தில் விழுகிறது என்று பார்த்து அதன் தளத்திலிருந்து எடுங்கள்.

பனியை அடுக்குக்குறிக் கணக்கில் இன்ஜின் போடும். அடர்த்தி 0.01 என்றால் 100 மீட்டரில் 37 சதவீதம் தெரியும், 300 மீட்டரில் 5 சதவீதம். மார்கழிக் காலை ஏற்காட்டுக்கு அது சரி. சேலத்துக்கும் அதே அடர்த்தியை விட்டால் ஐந்து ரோட்டிலிருந்து மலையே தெரியாது. வண்டியின் உயரத்தைப் பார்த்து அடர்த்தியை மாற்றுங்கள்.

நண்பருக்குக் கொடுப்பது

எடிட்டரில் அருமையாக ஓடியதை எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினால், வண்டி தொடங்கிய இடத்திலிருந்து கீழே விழுந்துகொண்டே இருப்பதாக நண்பர் போன் செய்வார். கோடோ தனக்குத் தெரிந்த வகை ஃபைல்களை மட்டுமே எக்ஸ்போர்ட்டில் சேர்க்கும். எச்ஜிடி அதற்குத் தெரியாது. எக்ஸ்போர்ட் அமைப்பில் ரிசோர்சஸ் தாவலில், ரிசோர்ஸ் அல்லாத ஃபைல்களுக்கான வடிகட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, எச்ஜிடி என்று சேருங்கள். அதைவிட நல்லது, வெட்டிய 513-க்கு 513 புள்ளியை மட்டும் தனி ஃபைலாக எழுதி அதைச் சேர்ப்பது: 26 எம்பி போகிற இடத்தில் அரை எம்பிக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த ஃபைலை எழுதும்போது எண்டியன் எது என்று கோடிலேயே ஒரு கமெண்ட் போட்டுவையுங்கள்.